வெறுங்காலில் ஓடுவோர் வாரப் பயிற்சியை எப்படி அமைத்துக்கொள்கிறீர்கள்?

பாளை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் வசிக்கிறேன்; நாங்குநேரிப் பக்கத்துப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருக்கிறேன். சில ஆண்டுகளாகக் காலணி அணிந்து ஓடிவந்த நான், சென்ற ஆடி மாதம் தொட்டு முழுக்க வெறுங்காலில் ஓடுகிறேன். காலணியோடு ஓடிய நாட்களில் முழங்காலின் முன்பக்கம் விடாமல் வலித்துக்கொண்டிருந்தது. வெறுங்காலில் அந்த வலி வரவில்லை. அதிகாலை மண்ணின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும்போது கிடைக்கும் நிறைவும் காலணிக்குள் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. ஆகவே இதை விடாமல் தொடர வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

இப்போது திங்கள், செவ்வாய், வியாழன், சனி ஆகிய நான்கு நாட்களிலும் 5 கிலோமீட்டர் வீதம் ஓடுகிறேன். பாதித் தூரம் வீட்டருகே உள்ள மண் மைதானத்திலும் மீதி தார்ச்சாலையிலும் அமைகிறது. காலை ஏழரைக்கெல்லாம் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் பேருந்து ஏறியாக வேண்டும் என்பதால், ஐந்தேகாலுக்குத் தொடங்கி ஆறுக்குள் வீடு திரும்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது, மாவாட்டுவது, பிள்ளைகளின் பாடம் என்றே போய்விடுகிறது. மாசி மாதத்தில் 21 கிலோமீட்டர் தூரத்தை வெறுங்காலில் ஓடி முடிக்க வேண்டும் என்று மனத்தில் வைத்திருக்கிறேன்.

அதற்கு வாரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதே என் முதன்மையான கேள்வி. இன்னும் சிலவும் உண்டு. ஓடிய மறுநாள் காலையில் மாடிப்படி இறங்கும்போது கெண்டைக்கால் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. சில நாட்களாக இடது பாதத்தின் மேற்புறத்திலும் ஒரு வலி இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எங்கே ஓடுவது என்றும் தெரியவில்லை. கடைசியாக, வீட்டுப் பெரியவர்கள். "செருப்பு வாங்க வழியில்லாதவள் போலத் தெருவில் ஓடுகிறாயே" என்று என் அத்தை வருத்தப்படுகிறார். அவரை எதிர்த்துப் பேச எனக்கு மனமில்லை. இதையெல்லாம் கடந்து வந்தவர்கள் தங்கள் வாரத்தையும் வீட்டையும் எப்படி ஒழுங்கு செய்துகொண்டீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.


தேரிக்காட்டு ஓட்டம் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் திசையன்விளைப் பக்கத்துக்காரன். உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் காலத்தில் மாவட்டப் போட்டிகளுக்கு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் வெறுங்காலில்தான் ஓடினார்கள், ஆகவே இது எனக்குப் புதிதன்று. அந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பார்த்ததிலிருந்து ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பிறந்தவர்கள் வீட்டிலும் கோயிலிலும் வயலிலும் செருப்பில்லாமல் நடந்தே வளர்கிறோம். திருச்செந்தூருக்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் வெறுங்காலில் பாதயாத்திரை போய்வருகிறோம். அதனால் நம் கால் ஓட்டத்துக்கும் ஆயத்தமாக இருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கிறது. பாதத்தின்மேல் வரும் சுமை உடல் எடையைவிடச் சற்றே கூடுதல். ஓடும்போது இரண்டு கால்களும் தரையை விட்டு எழுந்து, பிறகு ஒற்றைக் காலில் வந்து இறங்குகிறோம். ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு சுமையை அந்த ஒரு கால் ஏற்கிறது. நடந்து பழகியதால் தோல் தடித்திருக்கும். ஆனால் கெண்டைச்சதையும் குதிகால் நாணும் பாதத்து எலும்புகளும் அந்தச் சுமைக்குப் பழகியிருப்பதில்லை.

உங்கள் வாரத்தில் எனக்குக் குறையாகப் படுவது, நான்கு நாட்களும் ஒரே அளவாக இருப்பதும், திங்களும் செவ்வாயும் அடுத்தடுத்து வருவதும். ஒருநாள் நீளமாகவும் மற்ற நாட்கள் குறுகியதாகவும் இருந்தால்தான் உடல் இடையில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். திங்கட்கிழமை ஓட்டத்தை விட்டுவிடுங்கள். செவ்வாய் 4 கிலோமீட்டர், வியாழன் 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு, பள்ளி இல்லாத சனிக்கிழமை காலையை நீண்ட ஓட்டத்துக்கு ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமையை வீட்டுக்கே விட்டுவிடலாம். அது உடலுக்கும் ஓய்வு. நீண்ட ஓட்டத்தை 6 கிலோமீட்டரில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு கிலோமீட்டராக மூன்று வாரம் கூட்டி, நான்காவது வாரம் இரண்டு மூன்று கிலோமீட்டரைக் குறைத்து, அடுத்த வாரம் விட்ட இடத்துக்கு மேல் ஒரு கிலோமீட்டர் கூட்டித் தொடருங்கள். இப்போது புரட்டாசி, இதே நடையில் போனால் மார்கழி பிறக்கும்போது 14, தை பிறக்கும்போது 17 கிலோமீட்டருக்கு வந்துவிடுவீர்கள். 17 ஓடியவருக்கு 21 எட்டும். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் தூரத்தைப் பாதியாக்கிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமைக் குறுகிய ஓட்டத்தில் வேகத்தை மறந்துவிட்டு அடிகளை எண்ணுங்கள். வலது கால் தரையைத் தொடுவதை மட்டும் அரை நிமிடம் எண்ணினால் 43 முதல் 45 வரை வர வேண்டும். 40க்குக் கீழே இருந்தால் நீங்கள் காலை நீட்டி வைத்து ஓடுகிறீர்கள் என்று பொருள். எட்டி வைக்கும் கால் உடலுக்கு முன்னால் விழுந்து ஒவ்வொரு அடியிலும் ஓட்டத்தைத் தடுத்து நிறுத்தும். உள்ளங்கால் தோல் உராய்ந்து கொப்புளம் வருவதும் பெரும்பாலும் அதனால்தான். முழங்காலைச் சற்றே மடக்கி, பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழும்படி, சத்தமில்லாமல் ஓட வேண்டும். முன்பாதம் தரையைத் தொட்ட பிறகு குதிங்காலும் மெதுவாகத் தரையில் அமர வேண்டும். குதிங்காலைத் தூக்கியே வைத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்குத்தான் கெண்டைக்கால் அதிகம் இறுகும். உங்களுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

தரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளைப் பார்த்துவிட்டு வெளியூர்ப் பிள்ளைகள் வெறுங்காலில் ஓட இதைவிட நல்ல இடம் கிடையாது என்று துள்ளுவார்கள். ஆனால் தேரி மணல் ஒவ்வொரு அடிக்கும் உள்வாங்கும். குதிங்கால் முன்பாதத்தைவிடக் கீழே இறங்கி நாண் முழு நீளத்துக்கும் இழுபடும். மேலே எழ, கெண்டைச்சதை கூடுதலாக வேலை செய்ய வேண்டும். புதியவர்கள் அங்கே நடக்கலாம், ஓடக் கூடாது. உவரிக் கடற்கரையிலும் அலை தொட்டு இறுகிய ஈரமணல்தான் ஓட்டத்துக்கு உகந்தது, அதுவும் சரிவு இல்லாத இடமாகப் பார்த்து. பழகும் காலத்தில் இறுகிய மண்தரையும் வழுவழுப்பான சாலையும் நல்லவை, ஏனெனில் கடினத் தரையில் தவறாக ஊன்றினால் பாதம் உடனே சொல்லிவிடும். மென்மையான தரை அந்தத் தவறை மறைத்துவிடும்.


மேலப்பாளையம் இயன்முறை எழுதியது:

அண்ணாச்சி சொன்ன வாரத் திட்டம் நல்ல திட்டம். ஆனால் அதைத் தொடங்கும் முன் அந்த இடது பாத வலியைப் பார்த்துவிட வேண்டும். நான் இயன்முறை மருத்துவர். கால், மூட்டுக் காயங்களையே அதிகம் பார்க்கிறேன். கெண்டைக்கால் இறுக்கத்தையும் பாதத்தின் மேற்புற வலியையும் நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே தரத்தவை அல்ல. முதலாவது பழக்கக் குறைவால் வருவது, குறைந்துவிடும். இரண்டாவது, விரல்களுக்குப் பின்னால் நீளவாக்கில் கிடக்கும் ஐந்து எலும்புகளில் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ மயிரிழை முறிவு தொடங்குவதன் அறிகுறியாக இருக்கக்கூடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒற்றை விரல் நுனியால் பாதத்தின் மேற்புறத்தை இடம் இடமாக அழுத்துங்கள். வலி பரவலாக, இங்கே என்று சுட்ட முடியாதபடி இருந்தால் பெரும்பாலும் தசைநாண் சார்ந்ததாக இருக்கும். ஒரு விரல் நுனி அளவுள்ள ஒரே புள்ளியில் எலும்பின்மேல் சுரீரென்று வலித்தால், அல்லது அங்கே சிறு வீக்கம் தெரிந்தால், அல்லது ஒற்றைக் காலில் குதித்தால் வலித்தால், அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்று வந்தாலும் அதை முடிவான விடையாகக் கொள்ள வேண்டாம். இவ்வகை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்கள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சாதாரணம். அந்தப் புள்ளியில் வலி இருக்கும்வரை ஓடக் கூடாது என்பதே என் கருத்து.

முழங்கால் வலி போனதும் கெண்டைக்கால் வலி வந்ததும் தற்செயல் அல்ல. வெறுங்காலில் அடி குறுகுகிறது, முன்பாதம் முதலில் ஊன்றுகிறது; அதனால் முழங்கால் தாங்கிய சுமையில் ஒரு பங்கு கணுக்காலுக்கும் கெண்டைச்சதைக்கும் பாதத்துக்கும் இடம் மாறுகிறது. சுமை மறைந்துவிடுவதில்லை. 2010இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழுவினர் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, வெறுங்காலிலேயே பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் ஊன்றுவதையும், அப்படி ஊன்றும்போது தரையில் மோதும் முதல் அதிர்ச்சி மிகவும் குறைவாக இருப்பதையும் காட்டியது. அதைப் படித்துவிட்டு உலகெங்கும் பலர் ஒரே நாளில் காலணியைக் கழற்றினார்கள். 2013இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் அனுபவமுள்ள ஓட்டக்காரர்கள் 36 பேரை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினரை 10 வாரங்களில் மெல்லிய அடித்தளக் காலணிக்கு மாறச் செய்து எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, மாறியவர்களின் பாத எலும்புகளுக்குள் நீர்க்கோவை கூடியிருந்தது. எலும்பு அழுத்தத்தால் துன்பப்படுகிறது என்பதற்கான அடையாளம் அது. 10 வாரம் கவனமாக மாறியவர்களுக்கே இந்த நிலை. ஆடியில் ஒரேயடியாக மாறி, வாரம் 20 கிலோமீட்டர் ஓடும் பாதத்தில் வலி வந்தால் அதைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது.

வெறுங்காலில் ஓடினால் கால் தானாகச் சரியான முறையைக் கற்றுக்கொள்ளும் என்பதையும் முழுக்க நம்ப வேண்டாம். வடகென்யாவில் செருப்பே அணியாமல் வாழும் தாசனாச் மக்களைப் பற்றி 2013இல் வெளிவந்த ஆய்வில், அவர்கள் தமக்குப் பிடித்த மிதமான வேகத்தில் ஓடும்போது பெரும்பாலும் குதிங்காலையே முதலில் ஊன்றினார்கள் என்று தெரிந்தது. வேகம் கூடும்போதுதான் குதிங்காலில் ஊன்றுவது குறைந்தது. ஆகவே அண்ணாச்சி சொன்ன அடி எண்ணிக்கைப் பயிற்சியைத் தவற விடாதீர்கள். அதோடு வாரத்தில் மூன்று நாள், மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, இரண்டு கால்களாலும் எழுந்து, ஒற்றைக் காலால் மெதுவாக மூன்று எண்ணும் நேரம் குதிங்காலைக் கீழே இறக்குங்கள். காலுக்கு 15 முறை வீதம் மூன்று சுற்று. சமையலறையில் பால் பொங்கக் காத்திருக்கும்போது ஒற்றைக் காலில் நின்று பல்லை விளக்குகிறவர்களும் எனக்குத் தெரியும்; பாதத்தின் சிறு தசைகளுக்கு அதுவும் பயிற்சிதான். இவற்றைப் பாத வலி தீர்ந்த பிறகே தொடங்க வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் ஒன்று. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் நைலான் இழைச் சோதனை செய்துகொள்ளாமல் வெறுங்காலில் ஓடவே கூடாது. பல ஆண்டுகள் செருப்பில்லாமல் நடந்து தடித்த தோல் தொடு உணர்ச்சியைக் குறைப்பதில்லை என்று 2019இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் சர்க்கரை நோய் நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். முள் தைத்தது தெரியாமல் போய், புண் ஆறாமல் விரலை இழந்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சர்க்கரை இல்லாதவர்களும் ரண ஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியை 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும். மண் புகுந்த ஆழமான காயம் ஏற்பட்டால், முந்தைய ஊசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தாலே மறுபடியும் தேவைப்படும்.


கன்னடியன் கரை எழுதியது:

கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். விவசாயம் பார்க்கிறேன், ஓட்டம் எனக்கு விடிகாலைப் பழக்கம். திட்டத்தைப் பற்றி அண்ணாச்சியும், உடலைப் பற்றி மருத்துவர் அம்மாவும் சொல்லிவிட்டதால், நான் தரையையும் பருவத்தையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தொட்டுச் சேரன்மகாதேவி வரை கன்னடியன் கால்வாயை ஒட்டி மண்பாதை உள்ள இடங்கள் ஓட்டத்துக்கு மிகவும் ஏற்றவை. உங்கள் பக்கத்தில் பாளையங்கால்வாய்க் கரையிலும் அப்படிச் சில துண்டுகள் இருக்கும். கரை மண் மாட்டுக் குளம்பாலும் மிதிபட்டும் இறுகி, அதே வேளையில் சாலையைப்போல் காலை அறையாமல் இருக்கும். ஆனால் இருட்டில் கால்வாய்க்கரையில் ஓட வேண்டாம். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் வரப்பிலும் கரையிலும் படுத்திருக்கும் நேரம் அது. காலணி அணிந்தவனுக்கே ஆபத்து என்னும்போது வெறுங்காலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தேகாலுக்கே ஓடியாக வேண்டிய உங்களுக்கு வார நாட்களில் தெருவிளக்குள்ள சாலையும் மைதானமுமே பொருந்தும். கரையைச் சனிக்கிழமைக்கு, நன்றாக விடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிசானப் பருவ நெல் நடவுக்கு வயல்களில் தொழி (சேறு) கலக்கியிருப்பார்கள். கரைப் பாதையும் வழுக்கும். வழுக்கலைவிடப் பெரிய சிக்கல் தோலில்தான். அரை மணி நேரம் ஈரத்தில் இருந்த உள்ளங்கால், ஊறிய அரிசி நகத்தில் நசுங்குவதுபோல எளிதில் கிழியும். காய்ந்த நாளில் ஒன்றும் செய்யாத சரளைக் கல் அன்று தோலைக் கிழித்துவிடும். மழை பெய்த நாளில் தூரத்தைப் பாதியாகக் குறைத்து, வழுவழுப்பான சிமெண்டுச் சாலையில் ஓடுங்கள். தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள். அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது, காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சலும் அந்த வழியாக வரும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தாமிரபரணியின் கரைகளில் எங்கெங்கிருந்தோ வந்த கண்ணாடிச் சில்லுகளும் தகரத் துண்டுகளும் மண்ணுக்குள் புதைந்து கிடந்ததைப் பார்த்தேன். பெருவெள்ளம் போன கரையில் ஓடுவதற்கு முன் ஒருமுறை செருப்போடு நடந்து பார்த்துவிடுவது என் வழக்கம்.

முள் தைக்காமல் இங்கே யாரும் ஓட முடியாது. நெருஞ்சி கையாலேயே எடுத்துவிடலாம். உடைமுள் உள்ளே ஒடிந்துவிட்டால் தொல்லை. முள்வாங்கி ஒன்றை எப்போதும் இடுப்பில் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை ஊறவைத்து, சூடுகாட்டிய ஊசியால் வாயைத் திறந்து எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். முள்ளை இழுக்க எருக்கம்பால் வைப்பதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் செய்வார்கள். அது தோலைப் புண்ணாக்கும். கைபட்டுக் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. அந்த வைத்தியத்தை நான் விட்டுவிட்டேன்.

கால் பராமரிப்பும் அன்றாட வேலையில் சேர்ந்தது. இரவு படுக்கும்முன் கழுவித் துடைத்து, குதிங்காலுக்கு விளக்கெண்ணெய் தடவுகிறேன். தோல் தடிப்பது நல்லது. அளவுக்கு மீறித் தடித்தால் பனிக்காலத்தில் வெடித்து, வெடிப்பின் ஓரம் ஒவ்வொரு அடிக்கும் இழுபடும். அதனால் வாரம் ஒருமுறை குளிக்கும்போது கல்லில் தேய்த்து ஓரத்தை மட்டும் சமப்படுத்தினால் போதும். ஓடிவிட்டு வந்ததும் உப்பிட்ட நீராகாரம் ஒரு செம்பு குடித்துவிட்டுத்தான் வயலுக்குப் போகிறேன். உங்களுக்குப் பேருந்துப் பயணம் இருப்பதால் அதுவே வசதியாகவும் இருக்கும்.


வள்ளியூர் வாசகி எழுதியது:

அக்காவின் கடைசிக் கேள்விக்கு யாரும் விடை சொல்லவில்லை. அதை நான் எடுத்துக்கொள்கிறேன். நானும் வெறுங்காலில் ஓடுகிறவள். வாரத்தில் மூன்று நாள், காற்று ஓய்ந்த மாதங்களில் மட்டும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் ஊர்ச் சாலைகளில் மணலை வாரி முகத்தில் அடிக்கும். அந்நாட்களில் வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்வேன்.

என் வீட்டிலும் இதே எதிர்ப்பு இருந்தது. அதன் வேர் வேறு. என் தாத்தா காலத்தில் எங்கள் மக்கள் சில தெருக்களுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் போக முடியும். அந்தத் தடையை எதிர்த்து நின்று அடிபட்டவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. என் அப்பா முதல் சம்பளத்தில் தாத்தாவுக்குத் தோல் செருப்பு வாங்கிக் கொடுத்ததை இன்றும் பெருமையோடு சொல்வார். அப்படிப்பட்ட வீட்டில் மகள் தன் விருப்பத்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவில் ஓடினால் அவர் மனம் என்ன பாடுபடும் என்பது எனக்குப் புரிய நாளாயிற்று. அவரோடு உட்கார்ந்து, இது எனக்கு என்ன தருகிறது என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் தெருவில் மட்டும் வேண்டாம் என்றார். அதில் நியாயம் இருந்தது. அன்று முதல் வீட்டிலிருந்து மைதானம் வரை செருப்போடு போவேன். அங்கே கழற்றி வைத்துவிட்டு ஓடுவேன். திரும்பும்போது மாட்டிக்கொண்டு வருவேன். என் ஓட்டத்துக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

உங்கள் அத்தையின் வருத்தத்தில் ஏழ்மையைப் பற்றிய பழைய நினைவு ஏதாவது இருக்கலாம். ஒருநாள் அவரையும் மைதானத்துக்கு அழைத்துக்கொண்டு போய், நீங்கள் ஓடுவதை அவர் பார்க்கும்படி செய்யுங்கள். பெரியவர்கள் பலருக்கும் தெருவில் நாலு பேர் கண்ணில் படுவதுதான் சங்கடம்; மைதானத்தில் ஓடுவதை அவர்கள் விளையாட்டாக ஏற்றுக்கொள்கிறார்கள்.


பாளை ஆசிரியை எழுதியது:

எல்லாருக்கும் என் நன்றி. மருத்துவர் சொன்னபடி அழுத்திப் பார்த்தேன்; இரண்டாவது விரலுக்கு நேர் பின்னால், ஒரே புள்ளியில் வலித்தது. அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பார்த்தேன். எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை. ஆனாலும் நான்கு வாரம் ஓடாமல் இருந்துவிட்டு மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார். வீட்டில் மெத்தென்ற செருப்பு அணிந்து நடக்கிறேன்.

வள்ளியூர்த் தங்கை எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, சிறுவயதில் பள்ளிக்குக் கொதிக்கும் சாலையில் நிழல் பார்த்து நிழல் பார்த்து ஓடியதைச் சொன்னார். மைதானத்துக்குச் செருப்போடு போவதென்றால் தனக்கு வருத்தமில்லை என்றும், கால் சரியான பிறகு தானும் ஒருநாள் கூட வருவதாகவும் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. நான்கு வாரம் போய்விட்டால் மாசிக்குள் 21 கிலோமீட்டர் எட்டுமா? நீண்ட ஓட்டத்தை மட்டும் காலணியோடு ஓடிவிட்டு, குறுகிய ஓட்டங்களை வெறுங்காலில் வைத்துக்கொண்டால், அதை வெறுங்கால் ஓட்டம் என்று சொல்லலாமா?


மேலப்பாளையம் இயன்முறை எழுதியது:

தாராளமாகச் சொல்லலாம். காலணியை ஒரு கருவியாகக் கொள்ளுங்கள். நான்கு வாரம் கழித்து வலி இல்லை என்றால், முதலில் அரை மணி நேரம் வேகமாக நடந்து பாருங்கள். மறுநாளும் வலி இல்லை என்றால் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பது என்ற கணக்கில் தொடங்கலாம். முழங்கால் முன்பு வலித்ததால், காலணியோடு ஓடும்போதும் அதே குறுகிய அடியை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு நன்மை செய்தது அந்தக் குறுகிய அடிதான் என்பது என் எண்ணம்.


தேரிக்காட்டு ஓட்டம் எழுதியது:

மருத்துவர் அம்மா சரியான நேரத்தில் தடுத்துவிட்டார்கள். அந்த வலியோடு என் திட்டத்தைத் தொடங்கியிருந்தால் எலும்பு முறிந்தே இருக்கும்.

எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் வென்றார். அதை எல்லாரும் சொல்வார்கள். அதே மனிதர் 1964இல் டோக்கியோவில் காலணி அணிந்து ஓடி மறுபடியும் வென்றார், அதுவும் முன்னைவிட விரைவாக. எது அன்றைக்குக் காலுக்குப் பொருந்துகிறதோ அதை அணிந்து ஓடியவரைத்தான் வெறுங்கால் ஓட்டத்துக்கே முன்னோடியாகப் போற்றுகிறோம். ஆகவே உங்கள் கேள்வியில் கூச்சப்பட ஏதுமில்லை.

காலக் கணக்கைப் பார்த்தால், கார்த்திகையில்தான் நீங்கள் மறுபடியும் ஓடத் தொடங்குவீர்கள். முதல் மாதம் முழுவதும் நடையும் ஓட்டமுமாகவே போய்விடும். மார்கழியில் 6 கிலோமீட்டரிலிருந்து கூட்டத் தொடங்கினால் மாசிக்குள் வெறுங்காலில் 21 எட்டாது. எட்ட வைக்க முயல்வதும் தவறு. மாசியில் வெறுங்காலில் 10 கிலோமீட்டர் ஓடுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் விடிந்த சிறிது நேரத்திலேயே தார் சூடேறிவிடும் என்பதால் அந்த மூன்று மாதங்களும் தூரத்தைக் கூட்டாமல், விடியும்முன் வாரம் மூன்று குறுகிய ஓட்டம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்று ஓய்ந்து ஆவணியில் மறுபடியும் நீண்ட ஓட்டத்தைக் கூட்டத் தொடங்கினால், அடுத்த தையில் 21 கிலோமீட்டரை நோவில்லாமல் ஓடுவீர்கள். இந்த மாசியிலேயே அந்தத் தூரத்தை ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்று மனம் கேட்டால், சனிக்கிழமை ஓட்டங்களையும் போட்டியையும் காலணியோடு முடியுங்கள். செவ்வாயும் வியாழனும் வெறுங்காலுக்கு இருக்கட்டும்.

நான்கு வாரம் கழித்து மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்னதும், முதல் நடை நாளுக்கு மறுநாள் காலையில் அந்தப் புள்ளியை அழுத்திப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். அதை வைத்து அடுத்த வாரத்தைப் பிரித்துத் தருகிறேன்.